ஸ்போர்ட்ஸ் காரின் டயர்: பிடிக்கும் விதமும் விடும் விதமும்

2012-இல் டொயோட்டா நிறுவனம் ‘86’ என்ற ஸ்போர்ட்ஸ் காரை விற்பனைக்குக் கொண்டுவந்தபோது கார் பிரியர்கள் பலர் முகம் சுளித்தார்கள். 2 லிட்டர் எஞ்சின், 200 குதிரைத்திறன், பின்சக்கர இழுவை, தரையை ஒட்டிய உடல் எல்லாம் சரி. சக்கரத்தில் இருந்ததோ மிஷலின் பிரைமசி எச்பி டயர். எரிபொருளை மிச்சப்படுத்துவதற்கென்றே பிறந்த பிரியஸ் காரின் சில வகைகளிலும் அதே டயர்தான். காசை மிச்சம்பிடிக்கக் கைவைத்த இடம் இது என்று பேச்சு எழுந்தது. உண்மையில் அது யோசித்துச் செய்த தேர்வு. மிதமான வேகத்திலேயே ஓட்டுநரின் கைக்கும் காலுக்கும் உடனே பதில் சொல்லும் கார் வேண்டும் என்பது தலைமைப் பொறியாளர் டெட்சுயா டாடாவின் எண்ணம். பிடி சற்றுக் குறைந்தால்தான் அது நடக்கும்.

அந்த டயர்கள் தேய்ந்து, மாற்று டயர் வாங்கும் நாள் வரும்போது உரிமையாளர்களில் பெரும்பாலோர் கேட்பது ஒன்றுதான்: எது அதிகம் பிடிக்கும்? இது பாதிக் கேள்வி. எந்த வெப்பநிலையில் பிடிக்கும், பிடி விடும்போது எப்படி விடும் என்ற இரண்டும் சேர்ந்தால்தான் கேள்வி முழுமையாகும். விளம்பரங்களும் விலைப்பட்டியல்களும் இவற்றைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. ரப்பரின் இயற்பியல் பேசுகிறது.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. 86-இன் எடை ஏறத்தாழ 1,240 கிலோ. நான்கு சக்கரங்களும் சமமாகச் சுமப்பதாக வைத்துக்கொண்டால் ஒவ்வொன்றின் பங்கு 310 கிலோ. டயருக்குள் இருக்கும் 2.4 பார் காற்றழுத்தம் ஒரு சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 2.4 கிலோவைத் தாங்கும். வகுத்துப் பார்த்தால், ஒரு டயர் சாலையைத் தொடும் பரப்பு 130 சதுர சென்டிமீட்டருக்கு மேல் போகாது. நான்கு டயர்களும் தொடும் இடத்தைச் சேர்த்து வைத்தாலும் ஒரு ஏ4 தாளை நிரப்பாது. வேகம் கூட்டுவதும், பிரேக் பிடிப்பதும், வளைவில் திரும்புவதும் இந்தத் துண்டுப் பரப்பின் வழியாகத்தான்.

அகலமான டயர் போட்டால் இந்தப் பரப்பு பெருகிவிடும் என்று பலரும் நம்புகிறார்கள். காற்றழுத்தம் மாறாதவரை பரப்பு ஏறக்குறைய அப்படியேதான் இருக்கும். நீளம் குறைந்து அகலம் கூடும். அப்படியானால் பந்தயக் கார்களுக்கு ஏன் அவ்வளவு அகலமான டயர்? ரப்பரின் உராய்வு பள்ளிப் பாடத்தில் படித்த விதிக்குக் கட்டுப்படுவதில்லை. டயர்மேல் ஏற்றும் எடையை இரட்டிப்பாக்கினால் பிடி இரட்டிப்பாகாது, அதைவிடக் குறைவாகவே கூடும். வளைவில் காரின் எடை வெளிப்பக்கச் சக்கரங்களுக்குச் சாயும்போது, உள்பக்கம் இழந்த பிடியை வெளிப்பக்கத்தால் ஈடுகட்ட முடியாமல் போவது இதனால்தான். அகலமான டயர் அந்தச் சுமையில் அவ்வளவு சீக்கிரம் திணறாது. தவிர, அதில் காற்றழுத்தத்தைக் கொஞ்சம் குறைத்தும் ஓட்ட முடியும். வெப்பமும் அதிக ரப்பரில் பரவும்.

இனி அந்தத் தொடும் இடத்துக்குள்ளேயே போகலாம். மணிக்கு 72 கிலோமீட்டர் வேகத்தில் கார் நொடிக்கு 20 மீட்டர் நகர்கிறது. தொடும் இடத்தின் நீளம் 12 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், டயரின் ஒரு ரப்பர்க் கட்டி சாலையில் அமர்ந்து எழக் கிடைக்கும் நேரம் ஒரு நொடியை ஆயிரமாகப் பிரித்தால் அதில் 6 பங்கு. அதற்குள் அது தாரில் பதிந்த ஜல்லியின் முனைமேல் அமுங்கி, அதன் வடிவத்துக்கு வளைந்து, பிரேக் பிடித்திருந்தால் அந்த முனையைத் தாண்டிச் சற்று வழுக்கவும் செய்கிறது. முனையில் மோதும் பக்கம் ரப்பர் அழுந்துகிறது. தாண்டிய பக்கம் அது உடனே நிமிர்ந்து ஜல்லியை ஒட்டிக்கொள்ள வேண்டும். ஆனால் ரப்பர் சோம்பேறி, தாமதமாகத்தான் நிமிரும். ஆகவே ஒரு பக்கம் அழுத்தம் அதிகம், மறுபக்கம் குறைவு. இந்த வித்தியாசம்தான் காரைத் தடுத்து நிறுத்தும் விசை. காரின் ஓட்ட ஆற்றல் ரப்பருக்குள் வெப்பமாக மாறிக் கரைகிறது.

இதோடு ரப்பர் மூலக்கூறுகள் ஜல்லியின் மேற்பரப்பில் நேரடியாக ஒட்டிப் பிரிவதாலும் பிடி கிடைக்கிறது. உலர்ந்த, சுத்தமான சாலையில் அதன் பங்கு பெரிது. மெல்லிய நீர்ப்படலமோ தூசியோ இடையில் புகுந்தால் அது போய்விடும். மழையில் நம்மைக் காப்பாற்றுவது பெரும்பாலும் அந்தச் சோம்பேறித்தனம்தான்.

சோம்பேறித்தனத்துக்குக் காரணம் ரப்பரின் அமைப்பு. அதன் மூலக்கூறுகள் பிழிந்து வைத்த இடியாப்பம்போலச் சிக்கிக் கிடக்கும் நீண்ட இழைகள். சார்லஸ் குட்இயர் 1839-இல் கண்டறிந்த முறையில் கந்தகத்தோடு சூடாக்கும்போது அந்த இழைகள் அங்கங்கே முடிச்சிடப்படுகின்றன. இழுத்தால் நீளும், விட்டால் திரும்பும். ஆனால் திரும்பும் வழியில் இழைகள் ஒன்றையொன்று உரசிக்கொண்டு நேரம் எடுத்துக்கொள்ளும். எவ்வளவு நேரம் என்பது வெப்பநிலையைப் பொறுத்தது. மிகக் குளிர்ந்தால் இழைகள் அசையவே முடியாமல் ரப்பர் கண்ணாடிபோல் விறைக்கிறது. மிகச் சூடானால் தயக்கமே இல்லாமல் துள்ளித் திரும்புகிறது. அப்போது கரைக்கப்படும் ஆற்றலும் குறைகிறது. பிடி உச்சத்தில் இருப்பது இரண்டுக்கும் நடுவே.

1963-இல் இங்கிலாந்தில் கே. ஏ. குரோஷ் என்ற ஆய்வாளர் ரப்பர்த் துண்டுகளைக் கண்ணாடிமீதும் சொரசொரப்பான பரப்புமீதும் வெவ்வேறு வேகத்திலும் வெப்பநிலையிலும் இழுத்து உராய்வை அளந்தார். குளிரில் மெதுவாக இழுத்தாலும் சூட்டில் வேகமாக இழுத்தாலும் ரப்பருக்கு ஒன்றே என்பது அதில் தெரிந்தது. வில்லியம்ஸ், லேண்டெல், ஃபெர்ரி மூவரும் 1955-இல் தந்திருந்த சமன்பாட்டைக்கொண்டு மாற்றியமைத்தால் எல்லா அளவீடுகளும் ஒரே வளைகோட்டில் வந்து விழுந்தன. அந்த வளைகோடு ஒரு குன்று: ஏறும், உச்சி தொடும், இறங்கும். டயர் வேதியியலாளரின் வேலையில் பெரும்பகுதி இந்தக் குன்றின் உச்சியை எங்கே நிறுத்துவது என்பதுதான்.

பந்தயக் களத்துக்கென்று செய்த டயர், நன்கு சூடேறிய பிறகே உச்சியைத் தொடும்படி அமைக்கப்பட்டது. காலையில் கடைத்தெருவுக்குப் போகும் காரில் அந்தச் சூடு ஒருபோதும் ஏறாது. நிறையப் பணம் கொடுத்து வாங்கிய டயர் அங்கே சாதாரண டயரைவிட மோசமாக வழுக்கக்கூடும். ஐரோப்பாவில் கோடைக்கால டயர்களை 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே ஓட்ட வேண்டாம் என்பதும் இதே குன்றின் மறுபக்கம்தான். உங்கள் கார் ஆண்டில் பெரும்பாலும் எந்தச் சூட்டில் ஓடுகிறதோ, அந்தச் சூட்டில் உச்சியில் இருக்கும் டயர்தான் உங்களுக்கு நல்ல டயர். களத்துக்கு எப்போதாவது போகிறவர்கள் களத்துக்கான டயரை அன்றாடம் மாட்டிக்கொண்டு திரிவதை நான் வீம்பு என்றே சொல்வேன்.

இங்கே ஓர் இடைச்செருகல். பிடிக்கும் ரப்பர் ஆற்றலை விழுங்கும் ரப்பர் என்றால், எரிபொருள் செலவும் கூடத்தானே வேண்டும்? நெடுங்காலம் அப்படித்தான் இருந்தது. ஆனால் 86-இன் டயர் 72 கிலோமீட்டர் வேகத்தில் நொடிக்குப் பத்து முறைதான் சுற்றுகிறது. உருளும்போது ரப்பர் நசுங்கி நிமிர்வதும் அதே கதியில்தான். வழுக்கும் நேரத்தில் ஜல்லியின் நுண்முனைகள் ரப்பரை அதிரவைப்பதோ நொடிக்குப் பல்லாயிரம் முறை. மெதுவான அசைவில் துள்ளும், விரைவான அதிர்வில் தயங்கும் ரப்பர் கிடைத்துவிட்டால் இரண்டும் கைகூடும். கரித்தூளுக்குப் பதிலாகச் சிலிக்காவைச் சேர்த்து மிஷலின் 1992-இல் சந்தைக்குக் கொண்டுவந்த டயர்கள் இதைச் சாதித்தன. மழையில் நன்றாகப் பிடிக்கும் இன்றைய டயர்கள் எல்லாமே ஏதோ ஒரு விதத்தில் அதன் வாரிசுகள்.

டயர் மட்டுமே ஒரு காரை எவ்வளவு மாற்றும் என்பதற்குப் போர்ஷே கரேரா ஜிடியைவிட நல்ல சான்று கிடையாது. 5.7 லிட்டர், பத்து சிலிண்டர், 612 குதிரைத்திறன் கொண்ட அந்தக் காரில் வால்டர் ரோல் 2004-இல் ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் களத்தை 7 நிமிடம் 28.71 நொடியில் சுற்றினார். இருபது ஆண்டுகள் கழித்து, அந்தக் காருக்கென மிஷலின் புதிதாக உருவாக்கிய பைலட் ஸ்போர்ட் கப் 2 டயர்களோடு யோர்க் பெர்க்மைஸ்டர் எடுத்துக்கொண்டது 7 நிமிடம் 12.69 நொடி. ஓட்டுநர் வேறு, நாளும் வேறு. ஆனாலும் அந்த 16 நொடியில் பெரும்பங்கு ரப்பருடையது.

அதே காரின் இன்னொரு கதை துயரமானது. 2013 நவம்பர் 30 அன்று கலிஃபோர்னியாவில் நடிகர் பால் வாக்கர் பயணித்த கரேரா ஜிடி விபத்துக்குள்ளாகி, அவரும் ஓட்டியவரும் இறந்தார்கள். அளவு மீறிய வேகமே காரணம் என்றது காவல்துறை விசாரணை. கூடவே, டயர்கள் 9 ஆண்டு பழையவை என்பதையும் அது குறிப்பிட்டது. அதிகம் ஓடாத ஸ்போர்ட்ஸ் கார்களில் இந்த ஆபத்து உண்டு: டயரின் மேற்பரப்பில் வெட்டிய பள்ளங்கள் ஆழமாக இருக்கும், பார்வைக்குப் புதிதாகத் தெரியும், ஆனால் ரப்பருக்குள் ஆக்சிஜன் மெல்லப் புகுந்து இழைகளுக்கிடையே மேலும் முடிச்சுகளைப் போட்டிருக்கும். குன்று இடம் மாறியிருக்கும். பக்கச்சுவரில் நீள்வட்டக் கட்டத்துக்குள் இருக்கும் நான்கு இலக்கங்களைப் பாருங்கள். 2319 என்றிருந்தால் 2019-ஆம் ஆண்டின் 23-வது வாரத்தில் செய்தது என்று பொருள். பேரம் பேசுவதற்கு முன் பார்க்க வேண்டிய எண் இதுதான். தள்ளுபடி விலையில் கிடைக்கும் அரிய அளவு டயர்களில் கட்டாயம் பாருங்கள்.

இனி பிடி விடும் விதம். ஸ்டீயரிங்கைத் திருப்பியதும் டயர் அது நோக்கும் திசையில் அப்படியே போய்விடுவதில்லை. நோக்கும் திசைக்கும் உண்மையில் நகரும் திசைக்கும் இடையே சில டிகிரி வித்தியாசம் விழுகிறது. அந்தக் கோணத்தால் ரப்பர் முறுக்கப்படுவதிலிருந்துதான் பக்கவாட்டு விசையே பிறக்கிறது. கோணம் கூடக்கூட விசை கூடும், உச்சி தொடும், பிறகு சரியும். உயரமான, இளகிய பக்கச்சுவர் கொண்ட டயரில் இந்த உச்சி அகலமானது, சரிவும் மெதுவானது. தாழ்ந்த, விறைப்பான பக்கச்சுவரில் விசை சட்டென்று ஏறி, உச்சியைக் கடந்ததும் சட்டென்று இறங்கும்.

உச்சி நெருங்குவதை முதலில் உணர்வது கைதான். தொடும் இடத்தின் பின்பகுதியில் பக்கவாட்டு விசை அதிகம் என்பதால் டயர் தன்னை நேராக்கிக்கொள்ள முயல்கிறது. ஸ்டீயரிங்கில் தெரியும் கனம் அதனால் வருவது. பின்பகுதி வழுக்கத் தொடங்கியதும் அந்தக் கனம் குறைகிறது. அதாவது, முழுப் பிடியும் போவதற்கு முன்பே ஸ்டீயரிங் இலேசாகிவிடும். இந்த முன்னறிவிப்பு எவ்வளவு நேரத்துக்குக் கிடைக்கிறது என்பதில் டயருக்கு டயர் பெரிய வேறுபாடு உண்டு. 86-இன் முதல் டயர் இதில் தாராளமானது. அதைக் கழற்றிவிட்டு அகலமான, ஒட்டும் டயரைப் போட்டால் வளைவில் வேகம் கூடும். தவறு நடக்கும்போதும் அதே கூடிய வேகத்தில்தான் நடக்கும். டொயோட்டாவும் பின்னாளில் இடைவழிக்கு வந்தது: 2022-இன் ஜிஆர்86 காரில் 18 அங்குலச் சக்கரம் கொண்ட வகைக்கு மிஷலின் பைலட் ஸ்போர்ட் 4 டயரைக் கொடுத்தது.

மழை வேறு கணக்கு. சாலையில் 3 மில்லிமீட்டர் நீர் நிற்கிறது, டயரில் தரையைத் தொடும் பகுதி 20 சென்டிமீட்டர் அகலம், வேகம் மணிக்கு 100 கிலோமீட்டர் என்றால், ஒவ்வொரு டயரும் நொடிக்கு 16 லிட்டருக்கு மேல் நீரை விலக்கித் தள்ள வேண்டும். அகலத்தை 25 சென்டிமீட்டராக்கினால் அது 20 லிட்டரைத் தாண்டும். விலக்க முடியாத நீர் டயரைத் தூக்கிவிடும். நாசாவில் வால்டர் ஹோர்ன் விமானச் சக்கரங்களை ஆராய்ந்து 1960-களில் தந்த சூத்திரப்படி, 2.4 பார் அழுத்தமுள்ள மொட்டை டயர் வெள்ளம் தேங்கிய பரப்பில் மணிக்குச் சுமார் 98 கிலோமீட்டரில் மிதக்கத் தொடங்கும். பள்ளங்கள் இருப்பது இந்த எல்லையைத் தள்ளிப்போடத்தான். களத்துக்கான டயர்களில் பள்ளம் குறைவு. மழைக்காலத்தில் ஓட்டுகிறவர் அதை மறக்கக்கூடாது.

பக்கச்சுவரில் இருக்கும் மற்ற எழுத்துகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 215/45 ஆர் 17 87 டபிள்யூ என்றால் அகலம் 215 மில்லிமீட்டர், பக்கச்சுவர் உயரம் அதில் 45 சதவீதம், ரேடியல் கட்டமைப்பு, 17 அங்குல ரிம், தாங்கும் எடை 545 கிலோ, உச்ச வேகம் மணிக்கு 270 கிலோமீட்டர். கடைசி இரண்டிலும் கார் நிறுவனம் சொன்னதைவிடக் கீழே இறங்கவே வேண்டாம். போர்ஷேவின் ‘என்’, பி.எம்.டபிள்யூ.வின் நட்சத்திரம் போன்ற குறிகள், அதே பெயருள்ள டயர் அந்தக் காருக்கென்று தனியாகச் செம்மைப்படுத்தப்பட்டதைக் காட்டுபவை. ஒரு சக்கரத்தில் குறியுள்ளதும் மறுசக்கரத்தில் இல்லாததுமாக மாட்டினால் ஒரே பெயரில் இரண்டு டயர்கள் ஓடுகின்றன என்று அர்த்தம்.

டயர் எவ்வளவு மெதுவாகத் தேயும் என்பதைச் சொல்லும் தேய்மான எண்ணை (எண் கூடினால் ஆயுள் கூடும்) மட்டும் கொஞ்சம் சந்தேகத்தோடு படியுங்கள். அமெரிக்காவில் டெக்சஸ் மாநிலத்தின் சான் ஏஞ்சலோ ஊரைச் சுற்றியுள்ள சாலைகளில் சுமார் 11,500 கிலோமீட்டர் ஓட்டி, ஓர் ஒப்பீட்டு டயரோடு ஒத்துப்பார்த்து, தயாரிப்பாளரே தரும் எண் அது. பைலட் ஸ்போர்ட் 4 எஸ் டயருக்கு 300, கப் 2-க்கு 180 என்று ஒரே நிறுவனத்துக்குள் ஒப்பிட்டால் பொருள் உண்டு. நிறுவனம் விட்டு நிறுவனம் ஒப்பிட்டால் குழப்பம்தான். போதாக்குறைக்கு, 200-க்குக் குறைந்த எண் கொண்ட டயர்களை அனுமதிக்காத அமெச்சூர் போட்டிகள் அங்கே உண்டு. அதனாலேயே பந்தய டயருக்கு மிக நெருங்கிய சிலவற்றின் பக்கச்சுவரில் மிகச் சரியாக 200 என்று பொறித்திருக்கும்.

பின்சக்கர இழுவைக் காரில் பின் டயர்கள் முதலில் தேயும். இரண்டை மட்டும் மாற்றுவதானால் முன்னால் இருக்கும் அதே தயாரிப்பில் அதே வகையை வாங்கி, புதியவற்றைப் பின்னால் போட வேண்டும். முன் டயர் வழுக்கினால் கார் வளைவில் நேராகப் போகப் பார்க்கும். வேகத்தைக் குறைத்துச் சமாளிக்கலாம். பின் டயர் வழுக்கினால் கார் சுழலும். அந்த நேரத்தில் பதறி ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுப்பது நிலைமையை இன்னும் கெடுக்கும். மாட்டிய பிறகு முதல் சில நூறு கிலோமீட்டர் நிதானமாக ஓட்டுங்கள். அச்சிலிருந்து டயரை எளிதில் பிரித்தெடுக்கப் பூசிய வழவழப்பான பொருள் மேலே இன்னும் ஒட்டியிருக்கும். அது தேய்ந்து போனால்தான் நீங்கள் காசு கொடுத்து வாங்கிய ரப்பர் சாலையைத் தொடும்.