தெளிந்த தண்ணீரில் ஏன் மீன் சாகிறது?

சென்னை கொளத்தூரின் வண்ணமீன் கடைத் தெருவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை நின்று பார்த்தால் ஒரே காட்சி திரும்பத் திரும்பக் கண்ணில் படும். அப்பாவின் ஸ்கூட்டரில் பின்னால் அமர்ந்த குழந்தை, மடியில் ஒரு பிளாஸ்டிக் பை, பையில் கொஞ்சம் தண்ணீர், மீதியெல்லாம் காற்று, உள்ளே நான்கு தங்கமீன்கள். தொட்டியும் அன்றைக்கு வாங்கியதுதான். இரவு அதை நிரப்பி, கூழாங்கல் பரப்பி, விளக்கைப் போட்டு, தூங்குவதற்கு முன் மீன்களை உள்ளே விட்டுவிடுவார்கள்.

எங்கள் வீட்டிலும் அப்படித்தான் நடந்தது. இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம்; ஏறத்தாழ 50 லிட்டர் தண்ணீர். ஆறாம் நாள் காலையில் ஒரு மீன் மேல்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது. மதியத்துக்குள் இறந்துவிட்டது. தொட்டிக்குப் பின்னால் வைத்த செய்தித்தாளைப் படிக்கலாம், தண்ணீர் அவ்வளவு தெளிவு. கடையில் கேட்டேன். எல்லாவற்றையும் கொட்டிக் கழுவிப் புதுத் தண்ணீர் விடச் சொன்னார்கள். கூழாங்கற்களை வெந்நீரில் அலசினேன், வடிகட்டியின் பஞ்சைக் குழாயடியில் வெள்ளையாகும்வரை பிழிந்தேன். அடுத்த பத்து நாட்களில் மீதி மூன்றும் போய்விட்டன. வேளைக்கு உணவு போட்டோமே, தண்ணீரும் மாற்றினோமே, பிறகு ஏன் செத்தன என்று மகள் கேட்டாள். அந்தக் கேள்விக்கு விடை தேடிப் போனதில் தெரிந்துகொண்டவற்றை இங்கே எழுதுகிறேன்.

உணவில் உள்ள புரதம் உடலில் முறியும்போது அம்மோனியா உண்டாகிறது. எந்த விலங்குக்கும் அது நஞ்சு. நம் கல்லீரல் ஆற்றலைச் செலவழித்து அதை யூரியாவாக மாற்றுகிறது. பிறகு அது சிறுநீரில் போகிறது. மீனுக்கு அந்தச் செலவு பெரும்பாலும் இல்லை. சுற்றிலும் தண்ணீர் இருப்பதால், இரத்தத்தில் சேரும் அம்மோனியா செவுளின் மெல்லிய சவ்வைக் கடந்து தானாகவே வெளியே கசிந்துவிடும். மேட்டிலிருந்து பள்ளத்துக்கு நீர் வடிவதுபோல, அதிகமாக உள்ள இடத்திலிருந்து குறைவாக உள்ள இடத்துக்கு. ஏரியில் அந்தப் பள்ளம் நிரம்புவதே இல்லை. 50 லிட்டர் தொட்டியில் சில நாட்களிலேயே நிரம்பிவிடுகிறது. வெளியே அம்மோனியா ஏற ஏற, உள்ளே இருப்பது வடிய வழியில்லாமல் இரத்தத்திலேயே தங்குகிறது. செவுள் புண்ணாகி வீங்குகிறது. காற்றுக்குமிழ் விடாமல் ஓடிக்கொண்டிருக்கும்போதே மீன் மூச்சுக்குத் திணறுவது இதனால்தான். அம்மோனியாவுக்கு இந்த அளவில் நிறமும் இல்லை, வாடையும் தெரியாது.

சில நாட்கள் என்று சும்மா சொல்லவில்லை, கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நாளைக்கு ஒரு கிராம் உலர் உணவு போடுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். அதில் 40 சதவீதம் புரதம். புரதத்தில் 16 சதவீதம் நைட்ரஜன். ஆக 64 மில்லிகிராம் நைட்ரஜன். அதில் பாதியைச் சற்று தாண்டிய அளவு அம்மோனியாவாக வெளியேறினாலே 35 மில்லிகிராம். 50 லிட்டரில் அதைக் கலந்தால் லிட்டருக்கு 0.7 மில்லிகிராம், ஒரே நாளில். ஐந்தாம் நாள் 3.5.

இந்த எண் எவ்வளவு கொடியது என்பதை அம்மோனியாவின் அளவு மட்டும் முடிவுசெய்வதில்லை. நம் குழாயில் வரும் தண்ணீரின் குணமும் சேர்ந்தே முடிவுசெய்கிறது. தண்ணீரில் அம்மோனியா இரண்டு வடிவங்களில் இருக்கும். மின்னூட்டம் இல்லாத அம்மோனியா செவுளை எளிதில் கடக்கும். அதுதான் மீனைக் கொல்லும் வடிவம். ஒரு ஹைட்ரஜன் அயனியைச் சேர்த்துக்கொண்ட அம்மோனியம் அவ்வளவு தீங்கு செய்யாது. தண்ணீர் அமிலமா காரமா என்று காட்டும் அளவு பி.எச்.; 7 நடுநிலை, அதற்கு மேல் ஏற ஏறக் காரம். பி.எச். 7, வெப்பநிலை 28 டிகிரி என்றால், மொத்தத்தில் நூற்றில் ஒரு பங்குகூடக் கொடிய வடிவத்தில் இருக்காது. பி.எச். 8 ஆனால் அது ஆறரைப் பங்காகிவிடும். குழாய் நுனியில் வெள்ளையாக உப்புப் படியும் போர் தண்ணீர் பெரும்பாலும் காரத்தன்மை கூடியது. அதில் ஐந்தாம் நாள் சேர்ந்திருக்கும் 3.5 மில்லிகிராமில் 0.2-க்கு மேல் கொடிய வடிவம். நூறில் சில பங்கு மில்லிகிராம் அளவிலேயே மீன்களுக்குத் தொல்லை தொடங்கிவிடும். என் மீன் ஆறாம் நாள் இறந்ததில் வியப்பே இல்லை.

அப்படியானால், பல ஆண்டுகளாக ஒரே தொட்டியில் மீன் வளர்ப்பவர்கள் வீட்டில் மட்டும் அந்த அம்மோனியா எங்கே போகிறது?

இதற்கான விடையைத் தந்தவர்கள் மீன் வளர்த்தவர்கள் அல்லர். 1877-இல் தியோஃபில் ஷ்லோசிங், அஷில் மூன்ட்ஸ் என்ற இரண்டு பிரெஞ்சு விஞ்ஞானிகள், மண்ணில் அம்மோனியா நைட்ரேட் என்ற உப்பாக மாறுவது எப்படி என்று ஆராய்ந்தார்கள். நீண்ட கண்ணாடிக் குழாயில் மணலையும் சுண்ணாம்புக்கல்லையும் நிரப்பி, மேலிருந்து சாக்கடை நீரை மெல்ல மெல்ல விட்டார்கள். முதலில் விட்ட அம்மோனியா அப்படியே கீழே வந்தது. சுமார் இருபது நாட்கள் கழித்து அம்மோனியா குறைந்து, நைட்ரேட் வரத் தொடங்கியது. வெறும் வேதிவினை என்றால் முதல் நாளே நடந்திருக்க வேண்டுமே, ஏன் இத்தனை நாள்? குழாய்க்குள் குளோரோஃபாம் ஆவியைச் செலுத்தினார்கள். மாற்றம் நின்றது. ஆவியை நீக்கிய பிறகும் அது தானாகத் திரும்பவில்லை. கொஞ்சம் தோட்ட மண்ணைக் கலக்கிய நீரை ஊற்றினார்கள். மீண்டும் தொடங்கியது. மயக்கமருந்துக்கு அடங்குவதும், மண்ணைத் தூவினால் மறுபடி முளைப்பதும் உயிருள்ள ஒன்றாகத்தான் இருக்க முடியும்.

இந்தச் சோதனையைப் படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. மணலுக்குப் பதில் பஞ்சு, சாக்கடை நீருக்குப் பதில் மீன்தொட்டி நீர், குளோரோஃபாமுக்குப் பதில் குழாய்த் தண்ணீரில் கிருமிகளைக் கொல்லக் கலக்கும் குளோரின் என்று மாற்றிப் பாருங்கள். நான் வீட்டில் செய்ததும் அதேதான். அவர்கள் சோதனைக்காகக் கொன்றதை நான் சுத்தம் என்று எண்ணிக் கொன்றேன்.

1890 வாக்கில் சூரிச்சில் செர்கேய் வினோகிராட்ஸ்கி என்ற ரஷ்ய நுண்ணுயிரியலாளர் அந்த நுண்ணுயிர்களைத் தனியே பிரித்துக் காட்டினார். வேலை இரண்டு கைமாறி நடப்பதையும் அவர் கண்டார். ஒரு வகை பாக்டீரியா அம்மோனியாவை நைட்ரைட் ஆக்குகிறது. இன்னொரு வகை அந்த நைட்ரைட்டை நைட்ரேட் ஆக்குகிறது. இவை மற்ற பல பாக்டீரியாக்களைப்போல அழுகலைத் தின்பவை அல்ல. அம்மோனியாவையோ நைட்ரைட்டையோ ஆக்சிஜனோடு சேர்ப்பதில் கிடைக்கும் சொற்ப ஆற்றலில், கரைந்த கார்பன் டை ஆக்சைடிலிருந்து தம் உடலைக் கட்டுபவை. அவ்வளவு சிறிய வருமானத்தில் குடும்பம் மெதுவாகத்தான் பெருகும். நம் குடலில் வாழும் ஈ.கோலை நல்ல சூழலில் 20 நிமிடத்தில் இரட்டிப்பாகும். இவற்றுக்கு அரை நாளோ ஒரு நாளோ, அதற்கு மேலுமோ ஆகலாம். புதுத் தொட்டிக்கு நான்கு முதல் ஆறு வாரம் பிடிப்பதற்குக் காரணம் இந்த நிதானம்தான். இன்னொரு செய்தியையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. இரண்டு வேலைகளையும் ஒரே பாக்டீரியா தனியாகச் செய்ய முடியும் என்று 2015-இல் கண்டுபிடித்தார்கள். அதைக் கண்டறிந்த இரண்டு குழுக்களில் ஒன்று, அதை எடுத்தது மீன் வளர்ப்பு அமைப்பு ஒன்றின் வடிகட்டியிலிருந்து.

வேலை இரண்டு கைமாறுவதால் புதுத் தொட்டியில் இரண்டு ஆபத்துகள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. இரண்டாம் வாரவாக்கில் அம்மோனியா இறங்கத் தொடங்கும். அப்பாடா என்று இருக்கும்போது நைட்ரைட் ஏறும். மீனின் செவுள் தண்ணீரிலிருந்து குளோரைடை உள்ளிழுக்கும் வாசல் வழியாகவே நைட்ரைட்டும் நுழைந்துவிடுகிறது. இரத்தத்தில் போய் ஹீமோகுளோபினை மாற்றி, ஆக்சிஜனைச் சுமக்க முடியாத பொருளாக்கிவிடுகிறது. இரத்தம் பழுப்பேறும். தண்ணீரில் நிறைய ஆக்சிஜன் இருந்தும் மீன் மூச்சடைத்துச் சாகும். இதற்கு மட்டும் அடுப்படியில் ஒரு மருந்து உண்டு: கல்லுப்பு. 50 லிட்டர் தண்ணீருக்கு 5 கிராம், அதாவது சுமார் ஒரு தேக்கரண்டி, கரைத்து ஊற்றினால் லிட்டருக்கு 60 மில்லிகிராம் குளோரைடு கூடும். வாசலில் குளோரைடு முண்டியடித்து நிற்பதால் நைட்ரைட் நுழைவது வெகுவாகக் குறைகிறது. நெருக்கடியில் பெரிய உதவி. ஆனால் நைட்ரைட் தண்ணீரிலேயேதான் இருக்கும். தண்ணீரில் பாதியையாவது மாற்றுவதை இது ஈடுசெய்யாது.

கடைசியில் மிஞ்சும் நைட்ரேட் சாது. வாரம் ஒருமுறை கால்வாசித் தண்ணீரை மாற்றினால் போதும்.

இனி, மீன் இல்லாமலே தொட்டியைப் பழக்குவது எப்படி என்பது. தண்ணீர் நிரப்பி, குளோரினை நீக்கி, வடிகட்டியை ஓடவிட்டு, தினமும் ஒரு சிட்டிகை மீனுணவை மட்டும் போடுங்கள். அது அழுகி அம்மோனியா தரும். சொட்டு மருந்துபோல விட்டு நிறம் பார்க்கும் சோதனைப் பெட்டி கடைகளில் கிடைக்கிறது; அம்மோனியாவுக்கு ஒன்று, நைட்ரைட்டுக்கு ஒன்று. அலங்காரக் கோட்டைக்கும் ஒளிவிடும் கல்லுக்கும் கொடுக்கும் காசை இதற்குக் கொடுக்கலாம் என்பது என் உறுதியான கருத்து. உணவு போட்டுக்கொண்டிருக்கும்போதே இரண்டும் சுழியத்தில் நின்றால் தொட்டி தயார். அப்போதும் இரண்டு மூன்று கப்பி மீன்களோடு தொடங்கி, வாரங்கள் இடைவெளியில் கூட்ட வேண்டும். மீன் இரட்டித்தால் பாக்டீரியாவும் இரட்டிக்க நாள் வேண்டும். 50 லிட்டரில் தங்கமீன் வேண்டாம். அது நிறையத் தின்று நிறையக் கழிக்கும், பெரிதாகவும் வளரும்.

பாக்டீரியாக்கள் தண்ணீரில் மிதந்து திரிபவை அல்ல. பஞ்சிலும் கல்லிலும் பழுப்புநிற வழவழப்பாக ஒட்டி வாழ்பவை. பஞ்சை அலச வேண்டுமென்றால், தொட்டியிலிருந்து எடுத்த ஒரு வாளித் தண்ணீரில் இரண்டு அமுக்கு அமுக்கி மறுபடி வைத்துவிட வேண்டும். பழுப்பு போகக் கூடாது. மெட்ரோ தண்ணீரை ஒரு நாள் காற்றுக்குமிழோடு வைத்திருந்தால் குளோரின் போய்விடும். அவசரத்துக்குக் கடையில் விற்கும் தயோசல்பேட் படிகம் உதவும்.

போர் தண்ணீருக்குப் பயந்து பலர் கேன் தண்ணீருக்குப் போகிறார்கள். இதைக் கொஞ்சம் யோசித்துச் செய்ய வேண்டும். இந்த பாக்டீரியாக்கள் ஒரு மில்லிகிராம் அம்மோனியா நைட்ரஜனை மாற்றும்போது, சுண்ணாம்புக்கல் (கால்சியம் கார்பனேட்) கணக்கில் ஏழு மில்லிகிராம் காரத்தைத் தின்றுவிடுகின்றன. ஷ்லோசிங்கின் குழாயில் சுண்ணாம்புக்கல் இருந்தது வீண் இல்லை. மேலே பார்த்த கணக்கில், நம் தொட்டியில் நாளொன்றுக்கு லிட்டருக்கு 5 மில்லிகிராம் காரம் தீரும். உப்பெல்லாம் நீக்கப்பட்ட கேன் தண்ணீரில் 30 மில்லிகிராம்தான் இருக்கிறது என்றால் ஆறு நாளில் முடிந்தது. பிறகு பி.எச். சரியும், பாக்டீரியாவின் வேலை படுக்கும், அம்மோனியா தீங்கில்லாத வடிவத்தில் சத்தமில்லாமல் சேரும். அந்த நேரம் பார்த்து ஒரு வாளி போர் தண்ணீரை ஊற்றினால் பி.எச். ஏறி, சேர்ந்ததெல்லாம் கொடிய வடிவத்துக்கு மாறிவிடும். மீன் வளரக்கூடிய போர் தண்ணீரையும் கேன் தண்ணீரையும் கலந்து, எப்போதும் அதே விகிதத்தில் பயன்படுத்துவது நல்லது.

கடையிலிருந்து வரும் பையிலும் இதே வேதியியல்தான். நெடுநேரம் கட்டிய பையில் மீன் விட்ட கார்பன் டை ஆக்சைடு சேர்ந்து பி.எச். இறங்கியிருக்கும், அதனால் அம்மோனியா அடங்கிக் கிடக்கும். பையைத் திறந்ததும் அந்த வாயு வெளியேறி பி.எச். ஏறும். ஆகவே கட்டிய பையையே தொட்டியில் கால் மணி நேரம் மிதக்கவிட்டு வெப்பநிலையைச் சமமாக்குங்கள். திறந்த பிறகு அதே தண்ணீரில் மணிக்கணக்கில் வைக்காமல், ஒரு சிறு வலையால் மீனை மட்டும் எடுத்து விடுங்கள். பைத் தண்ணீர் தொட்டிக்குள் போகவே வேண்டாம்.

மின்வெட்டும் பார்க்க வேண்டிய ஒன்று. 30 டிகிரித் தண்ணீரில் லிட்டருக்கு ஏழரை மில்லிகிராம் ஆக்சிஜன்தான் கரையும். அதை மீனும் பாக்டீரியாவும் பங்குபோடுகின்றன. திறந்த பஞ்சு வடிகட்டி சில மணி நேரம் தாங்கும். மூடிய டப்பா வகையில் உள்ளே ஆக்சிஜன் தீர்ந்து பாக்டீரியா சாகத் தொடங்கும். நீண்ட மின்வெட்டுக்குப் பிறகு உள்ளே தேங்கிய நீரைக் கொட்டிவிட்டுத்தான் அதை மறுபடி ஓட்ட வேண்டும்.

எங்கள் தொட்டிக்கு இப்போது மூன்று வயது. போன மாதம் மாடி வீட்டுக்காரர்கள் புதுத் தொட்டி வாங்கினார்கள். மகள் எங்கள் வடிகட்டியின் பழைய பஞ்சில் கால்பங்கை வெட்டி, காயாமல் இருக்கத் தொட்டித் தண்ணீரிலேயே டப்பாவில் போட்டு எடுத்துப் போனாள். அதைப் பார்த்த அந்த வீட்டு அம்மா, இவ்வளவு அழுக்காக இருக்கிறதே, கழுவிவிட்டுப் போடலாமா என்று கேட்டாராம். வேண்டவே வேண்டாம் அத்தை, அப்படியே போடுங்கள் என்று சொல்லி, அவர் கண்முன்னாலேயே அவர்களுடைய வடிகட்டிக்குள் அதைச் செருகிவிட்டு வந்தாள்.