வெயிலில் கறுக்கும்போது தோலுக்குள் நடப்பது

"வெயிலுக்குள்ள நிக்காதை பிள்ளை, கறுத்துப் போவாய்." வெள்ளவத்தையில் இதைச் சொல்லாத அம்மம்மா அரிது. பிள்ளையின் நிறம் போய்விடும் என்பதுதான் அவருடைய கவலை. ஆனால் கறுப்பதற்கு முன்பே தோலுக்குள் வேறொன்று நடந்து முடிந்திருக்கும்: கலங்களுக்குள் மரபுக் குறிப்பு எழுதியிருக்கும் டிஎன்ஏ பழுதாகியிருக்கும். அந்தப் பழுதைக் கண்டு உடம்பு விரிக்கும் குடைதான் கறுப்பு. தோல் புற்றுநோயில் மரபணுக்களின் பங்கு என்ன என்று கேட்டால் நான் இங்கிருந்துதான் தொடங்குவேன்.

கொழும்பு நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறக்குறைய 7 பாகையில் இருக்கிறது. சித்திரைப் புத்தாண்டுக்குச் சற்று முன்னர், நண்பகலில் காலிமுகத்திடலில் நிற்பவரின் உச்சிக்கு நேர் மேலே சூரியன் வந்துவிடும். அந்த வெயிலிலுள்ள புற ஊதாக் கதிர் தோலின் மேல் அடுக்குக் கலங்களுக்குள் புகுந்து, டிஎன்ஏவில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் தைமின், சைட்டோசின் எழுத்துகளை ஒன்றோடொன்று ஒட்ட வைத்துவிடுகிறது. சரிசெய்யாமல் விட்டால், கலம் பிரதி எடுக்கும்போது அந்த இடத்தைப் பிழையாக வாசிக்கும். சைட்டோசின் இருந்த இடத்தில் தைமின் வந்து உட்காரும். இது வெயிலின் கைரேகை. 1991 இல், தோல் புற்றுநோய்க் கட்டிகளில் பி53 என்ற மரபணுவை ஆராய்ந்தவர்கள் இதே கைரேகையைத்தான் கண்டார்கள்.

பி53 காவற்காரன் மாதிரி. பழுதைக் கண்டால் கலம் பிரிவதை நிறுத்தி, திருத்துவதற்கு நேரம் கொடுக்கிறது. திருத்தவே முடியாத அளவுக்குப் பழுது என்றால் கலத்தைச் சாகச் சொல்கிறது. அதோடு நிற்காமல் பக்கத்திலுள்ள நிறமிக் கலங்களுக்கும் செய்தி அனுப்ப வைக்கிறது. செய்தி போய்ச் சேரும் வாசல் எம்சி1ஆர் என்ற மரபணு உருவாக்கும் புரதம். வாசல் திறந்ததும் மெலனின் என்ற கரிய நிறமி உருவாகிப் பொட்டலம் பொட்டலமாக அயற்கலங்களுக்குப் போய், ஒவ்வொன்றிலும் டிஎன்ஏ இருக்கும் கருவுக்கு மேல் தொப்பி போலக் கவிந்துகொள்கிறது. நிறமிக் கலங்களின் எண்ணிக்கை வெள்ளையருக்கும் எங்களுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். எங்கள் பொட்டலங்கள் பெரியவை, நன்றாகப் பரந்தும் கிடக்கின்றன. செம்பட்டைத் தலைமுடிக்காரர் பலரிடம் எம்சி1ஆர் வாசலே சரியாகத் திறப்பதில்லை. அவர்களின் மெலனின் மஞ்சளும் சிவப்புமாக இருக்கும், கதிரையும் சரியாகத் தடுக்காது. மெல்பேர்னில் இருக்கும் எங்கள் உறவினரைவிட அவர்களின் வெள்ளைக்கார அயலவருக்குத் தோல் புற்றுநோய் அபாயம் பல மடங்கு அதிகம் என்பதற்கு இந்த மெலனின் வேறுபாடு முக்கிய காரணம்.

சரி, அப்படியென்றால் இது பரம்பரை நோயா? பெரும்பாலும் இல்லை. விகாரம், அதாவது டிஎன்ஏ எழுத்து மாறுவது, வாழ்நாளில் ஏதோ ஒரு தோற்கலத்தில் நேர்கிறது, பிள்ளைக்குப் போவதில்லை. மெலனோமா என்ற கொடிய வகையில் ஏறக்குறைய பாதிக் கட்டிகளில் பிராஃப் மரபணு மாறியிருக்கும். வண்டியின் அக்சிலரேட்டர் அமுங்கியபடியே இறுகிப்போன நிலை அது. எனக்கு மிகவும் வியப்பான விஷயம், சாதாரண மச்சங்கள் பலவற்றிலும் இதே மாற்றம் இருக்கிறது! அவை ஏன் புற்றாவதில்லை? பி16 என்ற புரதம் பிரேக் பிடிக்கிறது. கலங்கள் கொஞ்சம் பெருகி அப்படியே நின்றுவிடுகின்றன. அந்தப் பிரேக்கைத் தரும் மரபணு பிறப்பிலேயே பழுதான குடும்பங்கள் உண்டு. அங்கே மெலனோமா தலைமுறை தலைமுறையாக வரலாம். 1994 இல் இது தெரியவந்தது.

திருத்தும் கருவியே பழுதாகப் பிறக்கும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். வழக்கமாகக் கலம் ஒட்டிய இடத்தைச் சுற்றி ஏறக்குறைய 30 எழுத்து நீளத் துண்டை வெட்டியெறிந்து புதிதாக நிரப்பும். செரோடெர்மா பிக்மென்டோசம் என்ற பரம்பரை நோய் உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு இந்த வேலை நடப்பதில்லை என்று ஆய்வாளர் ஜேம்ஸ் கிளீவர் 1968 இல் காட்டினார். அவர்களுக்குச் சிறுவயதிலேயே தோல் புற்றுநோய் வந்துவிடுகிறது. நோயில்லாத தாய், தகப்பன் இருவரும் ஒரே மரபணுவின் பழுதான பிரதியை ஒவ்வொன்று சுமந்தால், அவர்களின் ஒவ்வொரு பிள்ளைக்கும் இந்த நோய் வர நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. சொந்த மச்சாளைக் கட்டும்போது இருவரும் ஒரே பிரதியைச் சுமக்கும் சாத்தியம் கூடுகிறது. மிக அரிய நோய்தான். ஆனாலும் அப்படியொரு பிள்ளை பிறந்த குடும்பத்தில் இந்தக் கணக்கைக் கல்யாணத்துக்கு முன்பே பேச வேண்டும் என்று நினைக்கிறேன்.

எங்கள் நிறத்தவருக்கு வரும் மெலனோமாவில் பெரும்பகுதி வெயில் படாத இடத்தில் வருகிறது: உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தின் அடி. அந்தக் கட்டிகளில் வெயிலின் கைரேகை குறைவு; டிஎன்ஏ சுருண்டிருக்கும் நிறமூர்த்தங்களின் துண்டுகள் உடைந்தும் இடம் மாறியும் பெருகியும் கிடக்கின்றன. குடை எவ்வளவு கரியதானாலும் இங்கே உதவாது. பாடகர் பொப் மார்லிக்குக் கால்விரலில் வந்தது இந்த வகைதான். 1977 இல் கண்டுபிடித்தார்கள், 1981 இல் 36 வயதில் இறந்துபோனார்.

கறுப்பர்களுக்குத் தோல் புற்றுநோய் வராது என்று நம்பி, கால் ஆணி என்றோ அடிபட்ட நகம் என்றோ மாதக்கணக்கில் விட்டுவிடுவதுதான் எனக்குப் பெரிய வேதனை. அடிபட்ட கறுப்பு நகம் வளர வளர முன்னுக்கு நகர்ந்து வெளியேறிவிடும். ஒரே இடத்தில் நின்று அகலமாகிற, நகத்தைத் தாண்டிப் பக்கத்துத் தோலிலும் ஏறுகிற கறுப்பைத் தோல் மருத்துவரிடம் காட்ட வேண்டும். சிறு துண்டு எடுத்து நுணுக்குக்காட்டியில் பார்த்தால் எதுவென்று தெரிந்துவிடும். ஆழமாக இறங்குவதற்கு முன்பென்றால் வெட்டி எடுப்பதோடு பெரும்பாலும் முடிந்துவிடும்.