கராஜ் கதவு திறந்துதான் கிடந்தது, சரி. அதனால்?

ரொறன்ரோப் பக்கம் முதல் ஸ்னோ கொட்டிவிட்டால் எனக்குப் போன் ஓயாது. கோடை முழுக்கப் பழைய தோட்ட ரக்ரரைக் கழற்றிப் பூட்டி, பெயின்ற் அடித்து, முன்னுக்கு ஸ்னோ புளோவரும் கொழுவி வைத்திருப்பவர்கள் அன்றைக்குத்தான் அதை ஒழுங்காக ஓடவிட்டுப் பார்ப்பார்கள். இந்த முறை எடுத்தவரிடம் அறுபதுகளின் கடைசியில் வந்த வீல் ஹோர்ஸ் என்ற கொம்பனியின் ரக்ரர், அதில் கோலர் கொம்பனியின் 8 குதிரைவலு எஞ்சின். "சூடாகின பிறகும் கறுப்பாப் புகைக்குது அண்ணை, காபரேற்றர் ஊசியை எவ்வளவு திருப்ப?" என்று கேட்டார். கதையோடு கதையாக, "காபன் மொனொக்சைட் அலாரமும் கத்திக்கொண்டே நிண்டது. பழுதாக்கும் எண்டு பற்றரியைக் கழற்றிப்போட்டன்" என்றார். மேல்மாடியில் மனைவிக்குத் தலையிடியாம். ரக்ரர் எங்கே நிற்கிறது என்று கேட்டேன். "கராஜுக்குள்ளதான். கதவு திறந்துதானே கிடக்கு!"

எஞ்சினை நிற்பாட்டி, எல்லாரையும் வெளியே கூட்டிக்கொண்டு போய் 911ஐ அழையுங்கள், ஊசியைப் பிறகு பார்க்கலாம் என்றேன். தப்பிவிட்டார்கள். ஆனால் "கதவு திறந்துதானே கிடக்கு" என்பதை ஒவ்வொரு வின்ரரும் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது.

கதவு புகைபோக்கி இல்லை. எஞ்சின் புகையில் வரும் காபன் மொனொக்சைட் என்ற நச்சு வாயு கிட்டத்தட்டக் காற்றின் எடைதான். அறை முழுக்கக் கலந்து நிற்கும், வாசல் தேடி வெளியே போகாது. வெளிக்காற்று வாசலை நோக்கி வீசினால் புகையை உள்ளேதான் தள்ளும். வின்ரரில் இன்னும் மோசம். ஹீற்றரில் சூடான காற்று வீட்டின் மேல்பக்கத்தால் கசிந்து போக, அந்த இடத்தை நிரப்பக் கீழே இருந்து வீடு காற்றை இழுக்கும். கராஜ் வீட்டோடு ஒட்டியிருந்தால், அந்த இடைக்கதவின் இடுக்கு போதும்.

அமெரிக்காவின் அயோவா மாநிலப் பல்கலைக்கழகம் இதை அளந்தே பார்த்தது. கராஜ் கதவை முழுக்கத் திறந்துவைத்து, காரை இரண்டே நிமிடம் ஓடவிட்டபோது உள்ளே அந்த வாயுவின் அளவு பத்து இலட்சத்துக்கு 500 பங்கு வரை ஏறியது. காரை வெளியே எடுத்துப் பத்து மணித்தியாலம் போன பிறகும் மிச்சம் இருந்தது. 400 பங்கிலேயே வீட்டு அலாரம் 15 நிமிடத்துக்குள் கத்தியாக வேண்டும். ஆக, அலாரம் பழுதில்லை ஐயா.

அது கார். எங்கள் பழைய ரக்ரர்களில் புகையைச் சுத்தப்படுத்தும் கருவி எதுவும் இல்லை. குளிரில் சோக்கை இழுத்து, பெற்றோலை அள்ளிக் கொடுத்துத்தான் ஸ்டார்ட் பண்ணுகிறோம். "புதுசாக் கட்டின எஞ்சின், புகையாது" என்பவர்களுக்கு: கண்ணுக்குத் தெரியும் புகையோடு இந்த வாயுவுக்குச் சம்பந்தமில்லை. மணமும் இல்லை. (இந்தக் கோலர்களில் சைலன்சர் குழாய் எஞ்சின் பிளொக்கில் திருகும் இடத்தில் மரை துருப்பிடித்துத் தின்றுபோயிருக்கும். பெயின்ற் அடித்தால் கசிவு நிற்காது.)

ஸ்டார்ட் பண்ண முதல் வெளியே தள்ளுங்கள். கியரை நியூட்ரலில் போட்டால் ஒருவரே தள்ளலாம்; ரயருக்குச் சங்கிலியும் பாரமும் போட்டிருந்தால் இன்னொருவரைக் கூப்பிடுங்கள். வாசலில் ஸ்னோ குவிந்திருந்தால் ரக்ரர் நிற்க ஓர் இடத்தைச் சவலால் வழியுங்கள். வெளியே எடுத்ததும் கராஜ் கதவை மூடுங்கள். ஆம், மூடத்தான் சொல்கிறேன்.

வெளியே குளிரில் ஸ்டார்ட் ஆகாது என்பீர்கள். ஆகும். கோடையில் விட்ட தடித்த 30 நம்பர் ஒயிலையே வின்ரரிலும் வைத்திருந்தால்தான் ஆகாது. இந்த எஞ்சின்களில் ஒயில் பம்ப் கிடையாது, உள்ளே ஒரு கரண்டி அள்ளித் தெறிப்பதுதான். ஒயில் கூழாகிவிட்டால் எதைத் தெறிக்கும்? குளிரிலும் இளகி ஓடும் 5W-30 ஒயிலை ஊற்றுங்கள். ஒயில் தொட்டியின் அடியில் ஒட்டும் காந்த ஹீற்றர் ஒன்றை வாங்கி, முன்கூட்டியே செருகிவிடுங்கள். பற்றரியை நிறைய சார்ஜில் வையுங்கள். இறங்கிப்போன பற்றரி -7 பாகை அளவிலேயே உறையத் தொடங்கும், உறைந்ததைச் சார்ஜ் பண்ணினால் வெடிக்கலாம். கெதியாக ஸ்டார்ட் பண்ணவென்று ஈதர் ஸ்ப்ரே அடிக்க வேண்டாம்.

இன்னொன்று. இந்த வயது ரக்ரர்கள் பலவற்றில், சீற்றை விட்டு எழும்பினால் மெஷினை நிற்பாட்டும் சுவிட்ச் கிடையாது. புளோவர் வாய் அடைத்தால் கையை விடாதீர்கள். எஞ்சின் நின்றாலும் பெல்ற்றில் இழுவை மிச்சமிருந்தால், அடைப்பு எடுபட்டதும் தகடு ஒருமுறை பாயும். ஒரு தடி வைத்திருங்கள்.

ஒன்ராறியோவில் கராஜ் ஒட்டிய வீட்டுக்குப் படுக்கையறைப் பக்கம் அலாரம் இருக்க வேண்டும் என்பது சட்டம். தயவுசெய்து பற்றரியைக் கழற்றாதீர்கள். அலாரத்துக்கும் ஆயுள் உண்டு, பின்பக்கம் திகதி போட்டிருக்கும். வீட்டில் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் தலையிடி, சத்தி, தலைச்சுற்று என்றால் காய்ச்சல் குளிசை தேடாமல் வெளியே வந்து அழையுங்கள். தீயணைப்புப் படையினர் அளந்து பார்த்துச் சரி என்று சொல்லும்வரை, ஜக்கெற் எடுக்கக்கூட உள்ளே போக வேண்டாம்.