செப்டிக் ஷாக்: ரத்தத்தில் மிதக்கும் டி.என்.ஏ சொல்லும் சேதி

டி.என்.ஏ என்றாலே செல்லின் உட்கருதான் நினைவுக்கு வரும். ஆனால் நல்ல ஆரோக்கியத்தோடு இருப்பவரின் ரத்தத்திலும், செல்களுக்கு வெளியே, கொஞ்சம் டி.என்.ஏ துண்டுகள் மிதந்துகொண்டுதான் இருக்கும். மாண்டெல், மெத்தே என்ற இரு பிரெஞ்சு ஆய்வாளர்கள் 1948-லேயே இதைக் கண்டுபிடித்துவிட்டார்கள்.

வழக்கமாக இதன் அளவு ரத்தத்தின் திரவப் பகுதியான பிளாஸ்மாவில், ஒரு மில்லிலிட்டருக்குச் சில நானோகிராம்தான். ஆயுள் முடிந்து சாகும் செல்களிலிருந்து, பெரும்பாலும் ரத்தச் செல்களிலிருந்து, இது வருகிறது. துண்டுகள் சுமார் 166 எழுத்து ஜோடி நீளம் இருக்கும். ஹிஸ்டோன் என்ற புரதத்தில் நூற்கண்டு மாதிரி டி.என்.ஏ சுற்றியிருப்பதால், வெட்டும் நொதிகளுக்கு இரண்டு கண்டுகளுக்கு நடுவே உள்ள இடம்தான் எளிதில் கிடைக்கிறது. வெட்டுப்பட்ட துண்டுகளைக் கல்லீரலும் நொதிகளும் வேகமாக அப்புறப்படுத்திவிடும். ஓரிரு மணி நேரத்துக்குள் பாதி போய்விடும். அதனால் இன்று அளந்தால் தெரிவது ஏறக்குறைய இன்றைய சேதம்.

செப்டிக் ஷாக்கில் இந்த அளவு பல மடங்கு ஏறுகிறது. கிருமித் தொற்றுக்கு உடல் கட்டுக்கடங்காமல் எதிர்வினை காட்டி (இதுதான் செப்சிஸ்), அது முற்றி, போதிய திரவம் ஏற்றியும் ரத்த அழுத்தம் நிற்காமல், மருந்தால் தாங்கிப் பிடிக்க வேண்டிய நிலை அது. திசுக்கள் திணறும்போது ரத்தத்தில் சேரும் லாக்டேட்டும் லிட்டருக்கு 2 மில்லிமோலைத் தாண்டியிருக்கும். இந்த நிலைக்குப் போனவர்களில் 10-க்கு 4 பேருக்கு மேல் இறந்துவிடுகிறார்கள்.

ஏறுவதற்குச் செல்கள் கூட்டமாகச் சாவது ஒரு காரணம். இன்னொன்று நியூட்ரோஃபில் என்ற வெள்ளணுக்கள் செய்யும் வேலை. இவை தங்கள் டி.என்.ஏ-வையே வெளியே வீசிக் கிருமிகளை வலை போட்டுப் பிடிக்கின்றன என்று பெர்லினைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2004-இல் காட்டினார்கள். அருமையான தற்காப்புதான். ஆனால் வலை அளவுக்கு மீறினால் சிறு ரத்தக் குழாய்களில் உறைகட்டி சேர்கிறது. கூடவே வரும் ஹிஸ்டோன்கள் குழாயின் உட்சுவரைப் புண்ணாக்குகின்றன.

செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவின் டி.என்.ஏ வெளியே கசிந்தால் இன்னும் சிக்கல். மைட்டோகாண்ட்ரியா ஆதியில் பாக்டீரியாவாக இருந்தது என்பதால், அதன் டி.என்.ஏ-வைப் பார்க்கும் நோயெதிர்ப்பு அமைப்பு கிருமி என்றே நினைத்து மேலும் சீறுகிறது. ஆக, சேதத்தால் வந்த டி.என்.ஏ புதிய சேதத்துக்கும் வழி செய்கிறது. இந்தப் பொருளில் என்னை மிகவும் ஈர்ப்பது இந்தச் சுழல்தான்.

அளப்பது டி.என்.ஏ-வைப் பிரதியெடுத்துப் பெருக்கும் பி.சி.ஆர் மூலமோ, டி.என்.ஏ-வில் ஒட்டி ஒளிரும் சாயத்தாலோ நடக்கும். ரத்தத்தை உறையவிடக் கூடாது. உறைந்தால் குழாய்க்குள்ளேயே வெள்ளணுக்கள் உடைந்து, நோயாளியின் உடலில் இல்லாத டி.என்.ஏ-வும் கணக்கில் சேர்ந்துவிடும்.

சரி, இதை வைத்து செப்சிஸ் என்று முடிவு கட்டலாமா? முடியாது. விபத்துக் காயம், பக்கவாதம், புற்றுநோய், கடும் உடற்பயிற்சி எதிலும் இது ஏறும். ஆனால் நோய் எவ்வளவு முற்றியிருக்கிறது என்று கணிக்க உதவும். தீவிர சிகிச்சைப் பிரிவில் சேரும்போதே இது மிக அதிகமாக இருந்தவர்கள் இறக்கும் வாய்ப்பு கூடுதல் என்று பல ஆய்வுகள் காட்டியுள்ளன. துண்டுகளில் ஒட்டியிருக்கும் மெத்தில் என்ற ரசாயனக் குறிகளைப் படித்தால், அவை எந்த உறுப்பிலிருந்து வந்தவை என்றுகூடச் சொல்லலாம். அப்புறம், அதே ரத்த மாதிரியில் கிருமியின் டி.என்.ஏ-வும் துளியளவு கலந்திருக்கும். ஆன்டிபயாடிக் கொடுத்த பிறகு பிளட் கல்ச்சரில் (ரத்தத்திலுள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனையில்) எதுவும் வளராத நோயாளிகளிடம்கூட, அந்தத் துண்டுகளின் எழுத்து வரிசையைப் படித்துக் கிருமி எதுவென்று அடையாளம் காண வாய்ப்பு உண்டு.