அம்புக்குறி வராதவர் ஆகாதவர் அல்லர்

சென்ற மாதம் ஓர் உதிரிபாகத் தொழிற்சாலையின் மனிதவள மேலாளர் என்னிடம் ஒரு தாளை நீட்டி, “இந்த அம்மாவை யாருக்குமே பிடிக்கவில்லை, வேறு பிரிவுக்கு மாற்றிவிடலாமா?” என்று கேட்டார். தாளில் இருந்தது ஓர் உறவு வரைபடம்: 12 பெயர்கள், 12 வட்டங்கள், ஒரு கேள்விக்கு விடையாக யார் யாருடைய பெயரை எழுதினார் என்பதைக் காட்டும் அம்புக்குறிகள். தர ஆய்வாளராகப் பணிபுரியும் அந்தப் பெண்ணின் வட்டத்துக்கு மட்டும் ஓர் அம்புக்குறியும் வரவில்லை. இப்படியொரு கேள்வி என்னிடம் வருவது இந்த ஆண்டில் இது நான்காவது முறை என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

ஊழியர்களிடம் கேட்கப்பட்டது, “மதிய உணவை யாருடன் சாப்பிட விரும்புவீர்கள்?” என்பது. அந்தப் பெண்ணோ, அளவுக் கருவிகளை விட்டு நகர முடியாமல், ஆய்வு மேசையிலேயே டப்பாவைத் திறந்து பத்து நிமிடத்தில் சாப்பிட்டு முடிப்பவர். “திருப்பி அனுப்பப்பட்ட பொருளில் கோளாறு எங்கே என்று புரியாதபோது முதலில் யாரிடம் போவீர்கள்?” என்று மறுவாரம் கேட்டோம். மற்ற 11 பேரில் 9 பேர் அவர் பெயரையே எழுதியிருந்தார்கள்.

உறவு வரைபடம் மனிதர்களை அளப்பதில்லை. கேட்ட கேள்விக்குக் கிடைத்த விடையை மட்டுமே காட்டுகிறது. கேள்வி மாறினால் படமும் மாறும். அம்புக்குறி வராதவர் வெறுக்கப்படுபவராக இருக்க வேண்டியதில்லை. புதிதாகச் சேர்ந்தவராகவோ, இரவுப் பணியில் இருப்பவராகவோ, மூன்று பெயர்தான் எழுதலாம் என்ற வரம்பினால் பலருடைய நான்காவது தேர்வாகிப் போனவராகவோ இருக்கலாம். இதைப் பணித்திறன் மதிப்பீடாக வாசிப்பவர்களிடம் வாதாடியே எனக்குத் தொண்டை வற்றிவிட்டது.

இம்முறையை உருவாக்கிய மனநல மருத்துவர் ஜேக்கப் மொரேனோவின் நோக்கமும் ஆட்களைத் தரம்பிரிப்பதன்று. 1932ஆம் ஆண்டில் நியூயார்க் மாநிலத்தின் ஹட்சன் நகரிலிருந்த பெண்கள் சீர்திருத்தப் பள்ளியிலிருந்து இரண்டே வாரங்களில் 14 பேர் தப்பியோடியபோது, அவர் மாணவிகளின் குணத்தைக் குறைகூறாமல், யாருக்கும் யாருக்கும் இடையே தொடர்பு என்பதைப் படமாக வரைந்து பார்த்தார். ஒரே விடுதியில் யாருடன் தங்க விரும்புகிறீர்கள் என்று மாணவிகளிடமே கேட்டு, அந்த விடைகளைக் கொண்டே விடுதிகளை மாற்றியமைக்க முனைந்தார். (இப்படங்களை வரையும் தொழிலில் உள்ள நாங்களே இந்தக் கடைசிப் படியை மறந்துவிடுகிறோம்.) விடையைக் கொண்டு எதையும் மாற்றப் போவதில்லை என்றால், தயவுசெய்து கேட்காதீர்கள்.

கேள்வி குறிப்பிட்ட ஒரு வேலையைப் பற்றியதாக இருக்கட்டும். விடைகளை யார் பார்ப்பார்கள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். சொன்ன பிறகு மாற்றாதீர்கள். “யாரைப் பிடிக்காது?” என்று எக்காரணம் கொண்டும் கேட்காதீர்கள், பலகையில் ஒட்டாவிட்டாலும் அது மாலைக்குள் கேன்டீனுக்குப் போய்விடும். இரண்டு பேர் விடை தராவிட்டால் படத்தில் ஓட்டை இருக்கிறது என்பதை நினைவில் வையுங்கள்.

அம்புக்குறிகள் குவியும் இடத்தையும் கவனியுங்கள். அந்தத் தர ஆய்வாளர் இரண்டு நாள் விடுப்பு எடுத்தால் 9 பேருடைய வேலை தேங்கும் என்பதை மேலாளர் இரண்டாவது படத்தைப் பார்த்துத்தான் உணர்ந்தார். இடமாற்றப் பேச்சு நின்றது. இப்போது சனிக்கிழமை காலைகளில் இளைஞர்கள் இருவர் அவருடைய மேசையருகே உட்கார்ந்து வேலை பழகுகிறார்கள்.