வெஸலேயின் வெயில் பாதை

பிரான்ஸின் பர்கண்டிப் பகுதியில், ஒரு குன்றின் மேல் இருக்கிறது வெஸலே. சுமார் 400 பேர் வாழும் சிற்றூர்; அதன் மகதலா மரியா ஆலயமோ ஊருக்குச் சற்றும் பொருந்தாத அளவில் பெரியது. சூரியன் ஆண்டிலேயே மிக உயரே ஏறும் ஜூன் 21-ஐ ஒட்டிய நாட்களில், உச்சிவேளையில், தெற்குச் சன்னல்கள் வழியே இறங்கும் வெயில் நடுக்கூடத்தின் நட்டநடுவில் திட்டுத்திட்டாக வரிசைகட்டி விழும். சூரியனுக்குத்தான் உச்சி, ஒரு மணி நேரம் முன்தள்ளி வைத்த கோடைக்காலக் கடிகாரத்தில் அப்போது மணி 1.45 ஆகியிருக்கும்.

வெஸலே 47.5 பாகை வட அட்சரேகையில் இருப்பதால், அன்று உச்சிச் சூரியன் 66 பாகை உயரத்தில் நிற்கும். 10 மீட்டர் உயரத்துச் சன்னலில் நுழையும் கதிர், சுவரிலிருந்து நாலரை மீட்டர் தள்ளித் தரையைத் தொடும். டிசம்பரிலோ சூரியன் 19 பாகைதான். அதே கதிர் தரையைத் தொட 29 மீட்டர் போகவேண்டும். அதற்குள் எதிர்ச்சுவர் குறுக்கிட்டுவிடும்.

அந்த உயரத்தில் சன்னல் வைப்பதே அன்று துணிச்சல். பீப்பாயை நெடுக்கில் பிளந்து கவிழ்த்தாற்போன்ற கல் கூரை, சுவரை நீளம் முழுக்க வெளியே தள்ளும். அங்கே ஓட்டை போட்டால் ஆபத்து. 1120 தீவிபத்துக்குப் பிறகு எழுந்த இந்த நடுக்கூடத்தில், இரண்டு பீப்பாய்கள் குறுக்கே வெட்டிக்கொள்வதுபோல் கூரையை அமைத்தார்கள். பாரம் நான்கு மூலைகளுக்குப் போனது. இடைச்சுவர் சன்னலுக்குக் கிடைத்தது. ஆனாலும் சுவர்கள் பிதுங்கத்தான் செய்தன. 1840-இல் அதைச் சீர்செய்ய வந்த கட்டடக் கலைஞர் வியோலே-லெ-டுக்குக்கு வயது 26.

1976-இல் ஒரு பிரான்சிஸ்கன் துறவி கவனித்துச் சொன்ன இந்த வெயில் பாதையை, ஜூன் 24-இல் வரும் திருமுழுக்கு யோவான் விழாவோடு பலர் முடிச்சுப் போடுகிறார்கள். எனக்கு அதில் ஒரு நெருடல். 12-ஆம் நூற்றாண்டில் வழங்கிய பழைய ஜூலியன் நாட்காட்டி இன்றையதற்கு 7 நாள் பின்தங்கியது. அன்றைய ஜூன் 24 நமக்கு ஜூலை 1. சூரியன் அதற்குள் திரும்பத் தொடங்கியிருக்குமே?

திரும்பியிருக்கும், மிக மெதுவாக. பத்து நாளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பாகை. தரையில் வெயில் நகர்வது 7 சென்டிமீட்டர். சூரியன் ஒரு புள்ளியல்ல, அரைப் பாகை அகல வட்டு என்பதால், ஒவ்வொரு திட்டின் விளிம்பும் சுமார் 10 சென்டிமீட்டருக்கு மங்கிக் கலங்கியிருக்கும். அந்த மங்கலுக்குள்ளேயே நாட்காட்டியின் தவறும் அடங்கிவிடும்.