எறும்புக்குக் கால் எங்கே முளைக்கிறது?

கண்ணில் படும் செடி, பூச்சி, பறவைகளை வரைந்து எழுதிவைக்கும் இயற்கைக் குறிப்பேடு பழக வருகிறவர்களிடம் முதல் நாள் ஓர் எறும்பை வரையச் சொல்வேன். பார்த்து இல்லை, நினைவிலிருந்து. இரண்டு நிமிடம் போதும். அநேகமாக எல்லாத் தாள்களிலும் ஒரே எறும்புதான் இருக்கும்: மூன்று உருண்டைகள், உருண்டைக்கு ஒரு ஜோடிக் கால். பிறகு எல்லாரையும் வெளியே கூட்டிப்போய், ஊர்ந்துபோகும் எறும்பின் பக்கத்தில் குந்த வைப்பேன். கொஞ்ச நேரத்தில் யாராவது ஒருவர் ‘அட’ என்பார். ஆறு கால்களும் நடுப்பகுதியிலிருந்துதான் கிளம்புகின்றன. தலையில் கால் இல்லை, பின்னால் உப்பியிருக்கும் வயிற்றிலும் இல்லை. வயிற்றுக்கு முன்னால் நூலாக ஒடுங்கிய இடுப்பு, அந்த இடுப்பில் சின்னதாக ஒரு முடிச்சு. உணர்கொம்பு நேராக நீளாமல், முழங்கை மடங்கியதுபோல் மடங்கியிருக்கிறது.

பிறந்ததிலிருந்து பார்த்துவரும் பூச்சி. ஆனாலும் கால் எங்கே இருக்கிறது என்று யாரும் பார்த்திருக்கவில்லை.

தாவரக் கணக்கெடுப்பு என் தொழில். களத்துக்கு வரும் புதியவர்களுக்குக் குறிப்பேடு எழுதச் சொல்லிக்கொடுப்பதும் அதில் ஒரு பகுதி. ‘எனக்கு வரையவே வராது’ என்பதுதான் நான் அதிகம் கேட்ட வாக்கியம். அப்படிச் சொல்கிறவர்களின் கையில் குறை இருந்து நான் பார்த்ததில்லை. கையெழுத்துப் போடத் தெரிந்த கைக்குக் கோடு இழுக்கத் தெரியும். இலை என்றதும் நடுவில் ஒரு கோடும் இருபுறமும் வளைவுமாக ஓர் அச்சு மனதில் தயாராக இருக்கிறது. எதிரே நிற்கும் இலையைக் கண் பார்த்து முடிப்பதற்குள் கை அந்த அச்சைத் தாளில் இறக்கிவிடுகிறது. முதல் சில வாரங்களின் வேலை முழுவதும் இந்த அவசரத்தைத் தணிப்பதுதான்.

அதற்கு நான் கொடுக்கும் பயிற்சி ஒன்றே ஒன்று. ஓர் இலையை எதிரில் வைத்துக்கொள்ளுங்கள். தாளைப் பார்க்கக் கூடாது. கண் அந்த இலையின் விளிம்பில் எறும்பு ஊர்கிற வேகத்தில் நகரட்டும், பென்சிலும் அதே வேகத்தில் நகரட்டும். விளிம்பில் ஒரு பல் வந்தால் பென்சிலும் ஏறி இறங்க வேண்டும். பூச்சி கடித்த ஓட்டை வந்தால் அதற்குள்ளும் போய்வர வேண்டும். முடிந்ததும் தாளைப் பார்த்தால் கோணல்மாணலாக, தொடங்கிய இடமும் முடிந்த இடமும் சேராமல் இருக்கும். இருக்கட்டும். அந்தக் கோட்டில் உள்ள ஒவ்வொரு நெளிவும் அந்த இலையிலிருந்து வந்தது, மனதிலிருந்த அச்சிலிருந்து வந்ததல்ல. தினமும் ஐந்து நிமிடம் இதைச் செய்தவர்களின் படம் இரண்டு மூன்று வாரங்களிலேயே மாறுவதைப் பார்த்திருக்கிறேன்.

ஒருமுறை ஒரு பெண்மணி ரோஜாச் செடியை வரைந்துகொண்டிருந்தார். ஒரு காம்பில் ஐந்து இலைகள் என்று எழுதியிருந்தார். ‘மொட்டு எங்கே இருக்கிறது, தேடுங்கள்’ என்றேன். இலை எங்கே தண்டோடு சேர்கிறதோ அந்த இடுக்கில் ஒரு மொட்டு இருக்கும், மிகச் சின்னதாகவாவது. அவர் ஐந்தின் அடியிலும் தேடினார், எங்கும் இல்லை. கடைசியில் அந்தக் காம்பு முழுவதும் தண்டில் பொருந்தும் இடத்தில் சிவப்பாக ஒரு புள்ளியைக் கண்டுபிடித்தார். அப்படியானால் இந்த ஐந்தும் சேர்ந்துதான் ஓர் இலையா என்று அவரே கேட்டார். ஆமாம், அதற்குக் கூட்டிலை என்று பெயர், அவர் எண்ணிய ஐந்தும் சிற்றிலைகள். நான் பாடமாகச் சொல்லியிருந்தால் மறுநாளே மறந்திருப்பார். வரைந்துகொண்டிருந்ததால் அவராகவே அங்கே போய்ச் சேர்ந்தார்.

வரைந்தால் நினைவில் நிற்கும் என்பது ஆசிரியர்களின் நம்பிக்கை மட்டும் இல்லை. கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தினர் 2016-இல் வெளியிட்ட ஆய்வில், சொற்களை எழுதிப் பார்த்தவர்களைவிட அவற்றைப் படமாக வரைந்தவர்களுக்கே அதிகச் சொற்கள் நினைவில் நின்றன. வெறும் 4 நொடியில் கிறுக்கிய படமும் உதவியது.

பிறகு எதற்குச் சிரமம், கையில்தான் கேமரா இருக்கிறதே என்பார்கள். நானும் அப்படி நினைத்தவன்தான். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அறிமுகமில்லாத ஒரு புதர்ச்செடியை முப்பது படம் எடுத்துக்கொண்டு திரும்பினேன். அடையாளம் காண உட்கார்ந்தபோது முதல் கேள்வியிலேயே நின்றுவிட்டேன்: இலைகள் எதிரெதிராக இருக்கின்றனவா, மாறிமாறி இருக்கின்றனவா? எல்லாப் படத்திலும் பூதான் அழகாக விழுந்திருந்தது. இலையின் அடிப்புறத்தில் ரோமம் இருந்ததா என்றும் தெரியவில்லை. மறுபடி போனபோது பூ முடிந்துவிட்டது, ஒரு வருடம் காத்திருந்தேன். அன்று மோசமாகவேனும் ஒரு படம் வரைந்திருந்தால், இரண்டாவது இலையை எங்கே வைப்பது என்று பென்சிலே என்னைக் கேட்டிருக்கும். இப்போதும் புகைப்படம் எடுக்கிறேன், ஆனால் வரைந்து முடித்த பிறகுதான்.

கருவிகளைப் பற்றி அதிகம் யோசிக்க வேண்டாம். ஒரு 2பி பென்சில், சட்டைப்பையிலோ கைப்பையிலோ அடங்குகிற நோட்டு. வாட்டர்கலர் தொட விரும்பினால் மட்டும் 200 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 200 கிராம் எடை) அளவில் தடித்த தாள் தேவைப்படும். பால்பாயிண்ட் பேனாவின் மை வெளிச்சத்தில் நாளடைவில் மங்கும், பென்சில் கோடு அப்படி மங்காது. ரப்பரை வீட்டிலேயே விட்டுவிட்டு வாருங்கள். தவறான கோட்டை விட்டுவிட்டுப் பக்கத்திலேயே சரியான கோட்டைப் போட்டால், எங்கே தவறாகப் பார்த்தீர்கள் என்பது பின்னால் தெரியும்.

படத்துக்குச் சமமாக எழுத்தும் முக்கியம். தேதி, நேரம், இடம், வானிலை ஆகிய நான்கையும் வரையத் தொடங்குவதற்கு முன்பே எழுதிவிடுங்கள், முடிந்த பிறகு மறந்துபோகும். அளவை எழுதுங்கள்: என் சுண்டுவிரல் நகத்தளவு, இரண்டு சாண். எண்ணக்கூடியதை எண்ணுங்கள். 1850-களில் அமெரிக்காவின் கான்கார்டில் ஹென்றி டேவிட் தோரோ என்ற எழுத்தாளர், எந்தப் பூ எந்த நாளில் முதலில் மலர்ந்தது என்று ஆண்டுதோறும் குறித்துவைத்தார். ஒன்றரை நூற்றாண்டுக்குப் பின் பாஸ்டன் பல்கலைக்கழகத்தின் ரிச்சர்ட் பிரைமாக்கும் அவரது குழுவினரும் அந்தத் தேதிகளை இன்றைய தேதிகளோடு வைத்துப் பார்த்து, வெப்பம் கூடக்கூடப் பல செடிகள் முன்னதாகவே பூப்பதைக் கண்டார்கள். படம் அழகாக இல்லையே என்று வருந்துகிறவர்களுக்கு டார்வினையும் சொல்வேன். 1837-இல் அவர் குறிப்பேட்டில் போட்ட, உயிரினங்கள் கிளைபிரியும் மரம் ஒரு சில கோடுகள்தான். வரைய வராதது தன் பெரிய குறை என்று வருந்தி எழுதியவர் அவர்.

இதில் ஒரு விஷயத்தில் மட்டும் நான் கண்டிப்பானவன். பார்க்காததை வரையாதீர்கள். பறவை பாதியில் பறந்துபோகும், அது இயல்பு. வீட்டுக்கு வந்து இணையத்தில் ஒரு படத்தைத் தேடி மீதியை நிரப்பினால், அந்தப் பக்கம் உங்கள் குறிப்பாக இருக்காது. எது கண்ணால் கண்டது, எது இரவல் என்று ஆறு மாதம் கழித்து உங்களுக்கே தெரியாது. தெரியாத இடத்தைப் புள்ளிக்கோடாக விட்டு, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போடுங்கள்.

வரைவதற்காக எதையும் தொந்தரவு செய்யவும் வேண்டாம். கூட்டை நெருங்கினால் தாய்ப்பறவை முட்டையை விட்டு எழுந்துவிடும். கிளையை ஒடிக்காமல் நீங்கள் குனியுங்கள். பால் வடியும் செடியைத் தொட்ட கையைக் கண்ணுக்குக் கொண்டுபோகாதீர்கள், சிலவற்றின் பால் கண்ணையே கெடுத்துவிடும்.

என்னிடம் பழகிய ஒரு பையனின் நோட்டில் காலில்லாத ஒரு காகம் இருந்தது. வயிற்றுக்குக் கீழே இரண்டு புள்ளிக்கோடு, ஒரு கேள்விக்குறி: ‘முழங்கால் பின்பக்கமா மடங்குது?’ மூன்று வாரம் கழித்து அதே பக்கத்தின் ஓரத்தில் வேறொரு தேதியும், ஒற்றைக் காலும், ஓர் அம்புக்குறியும் சேர்ந்திருந்தன. அம்புக்குறியின் முனையில் எழுதியிருந்தான்: ‘இது கணுக்கால். முழங்கால் மேலே இறகுக்குள்ளே இருக்கு. பறக்க எம்பும்போது கொஞ்சம் தெரிஞ்சுது.’